மூன்று இலையும் ஒரு கூழாங்கல்லும்

இது நடந்தது போன வருடக் கோடையில், பள்ளிப்பட்டைத் தாண்டி ஆந்திர எல்லையை உரசிக்கொண்டு கிடக்கும் என் மனைவியின் நிலத்தில். நிலம் என்றதும் உங்கள் மனதில் பச்சையாக ஏதாவது தோன்றியிருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். சரளைக்கல், அதன்மேல் கொஞ்சம் செம்மண், அதன்மேல் வெயில். அவ்வளவுதான் நிலம்.

நான் திருத்தணியில் மலையடிவாரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். மலைமேல் கல்யாணம் செய்துகொள்ள வருகிறவர்களின் ஆதார் அட்டைகளை நகலெடுத்துக் கொடுப்பது என் தொழில். நகலெடுக்கக் கொடுத்த புத்தகத்தை, கொடுத்தவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் படித்துவிடுவது என் கல்வி. இதனால் உலகத்தில் உள்ள எல்லா விஷயங்களிலும் எனக்கு முதல் அத்தியாயம் தெரியும். இரண்டாவது அத்தியாயம் பெரும்பாலும் தெரியாது. திருத்தணியில் டீயை வேகமாகக் குடிக்கிறார்கள்.

அப்படி ஒருநாள் ஒருவர் கொண்டுவந்த பாடக்குறிப்பில்தான் வறண்ட நிலங்களுக்கான பெர்மாகல்ச்சர் என்ற விஷயத்தைப் படித்தேன். காடு எப்படித் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறதோ, அப்படி ஒரு தோட்டத்தை வடிவமைப்பது. பெய்கிற கொஞ்ச மழையையும் ஓடவிடாமல் நிறுத்துவது. மண்ணை வெயிலுக்குக் காட்டாமல் மூடி வைப்பது. படிக்கப் படிக்க, இவ்வளவு நாள் ஆதார் அட்டைகளோடு என் வாழ்க்கையை வீணடித்துவிட்டேன் என்று தோன்றியது. டீ குடித்துவிட்டு வந்தவரிடமே விசாரித்து, வார இறுதிகளில் செல்போனில் நடந்த அந்த வகுப்பில் நானும் சேர்ந்துவிட்டேன்.

முதல் வகுப்பிலேயே ஆசிரியர் சொன்னார்: ஒரு வருடம் நிலத்தில் எதையும் செய்யாதீர்கள், சும்மா கவனியுங்கள். இதை நான் பெருமையாக வீட்டில் சொன்னேன்.

"சும்மா பாக்கறதுக்கு எதுக்கு ஒரு வகுப்பு?" என்றாள் மனைவி. "கல்யாணம் ஆன நாள்லருந்து அதத்தான செஞ்சிகினு கீறீங்க."

சும்மா பார்க்க எனக்கு நேரமும் இல்லை. காரணம் என் மைத்துனன். மனைவியின் தம்பி. அம்மையார்குப்பத்தில் பவர்லூம் வைத்திருக்கிறான். கெட்டவன் இல்லை. தறி ஓடாத மாதங்களில் மனிதனுக்கு எதைப் பார்த்தாலும் விற்கத் தோன்றும், அவ்வளவுதான். நிலத்தில் பாதி அவனுடையது, பாதி என் மனைவியுடையது. செங்கல் சூளைக்காரர் ஒருவர் செம்மண்ணைத் தோண்டி எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தார். லாரி வரும் வழி மனைவியின் பாதியில் இருந்ததால், கொடுத்தால் இரண்டையும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார். மண்ணை எடுத்துவிட்டால் பிறகு அங்கே மிஞ்சுவது பள்ளம்தான்.

மனைவிக்கு அதில் இஷ்டமில்லை. அவள் பெயரில் இந்த உலகத்தில் எழுதப்பட்ட ஒரே பொருள் அந்த நிலம். ஆனால் தம்பியின் கஷ்டமும் அவளுக்குத் தெரியும். கடைசியில் ஒரு பேச்சு பேசி முடித்தாள்.

"ஆடி பொறக்கட்டும்டா. இவரு வெக்கிற செடியில பாதியாவது அதுவரைக்கும் உயிரோட நின்னா, அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. இல்லன்னா நீ சொல்ற எடத்துல நான் கையெழுத்து போட்றேன்."

நான் நெகிழ்ந்துபோய் அவளைப் பார்த்தேன். அவன் போனபிறகு அவள் சொன்னாள்: "உங்கள நம்பி ஒண்ணும் சொல்லல. அவங்கிட்ட வேற இன்னா சொல்றதுன்னு தெரியல, அதான்."

இப்படித்தான் என் தோட்டம், மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய மாசியில் ஆரம்பமானது. எந்தப் பெர்மாகல்ச்சர் பாடத்திலும் இந்த மாதத்தில் நடச் சொல்லவில்லை. சீதா, புங்கன், நாவல், நெல்லி, வேம்பு எனக் கன்றுகள் வாங்கி வந்தேன். மூன்று கழிகளை ஆங்கில 'ஏ' எழுத்துப் போலக் கட்டி, நடுவில் நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால், நிலத்தில் ஒரே மட்டமாக உள்ள இடங்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்று வகுப்பில் காட்டினார்கள். அந்தக் கோட்டில் வாய்க்கால் வெட்டினால் மழைநீர் ஓடாமல் நின்று மண்ணுக்குள் இறங்கும். நானும் கட்டினேன். காற்றில் கல் ஆடியது. கல் எங்கே நிற்கிறதோ அங்கே அடையாளம் வைக்கச் சொன்னார்கள். கல் நிற்கவே இல்லை. கடைசியில் எனக்குக் கால் வலித்த இடங்களில் அடையாளம் வைத்தேன். வாய்க்கால் ஒரு மாதிரி வந்தது. மைத்துனன் வந்து பார்த்துவிட்டு, "இன்னா பாவா, பாம்பு போன தடம் மாதிரி கீது" என்றான்.

கடையை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் என்னால் போக முடியும். கிருத்திகை வந்துவிட்டால் மலைக்குக் கூட்டம் வரும், அதுவும் முடியாது. ஆக, வாரத்தின் மற்ற நாட்களில் செடிகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். நிலத்துக்கு அடுத்தாற்போல் ஒரு வீட்டில் தனியாக ஓர் அம்மா இருந்தார். ஆடு மேய்ப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். வீட்டில் பேசுவது தெலுங்கு, என்னிடம் பேசுவது தமிழ். 'உங்கள் ஆடுகளை மட்டும் உள்ளே விடாதீர்கள்' என்று கேட்கத்தான் போனேன். அவரோ, "தண்ணியும் நானே ஊத்தறேன் நைனா, நம்ம கெணத்துல கொஞ்சம் கீது" என்றுவிட்டார். என்னை நைனா என்று கூப்பிட்டதிலேயே நான் பாதி கரைந்துவிட்டேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தாய்வழி ஆந்திரத்து நகரிப் பக்கம். அவளுக்குத் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு. நான் திண்டிவனத்துக்காரன். எல்லையில் இத்தனை வருடம் இருந்தும், பஸ் போர்டில் உள்ள ஊர்ப் பெயர்களைத் தாண்டி என் தெலுங்கு போகவில்லை.

வகுப்பில் எதற்கும் தமிழ்ச் சொல்லைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் என்ன வைப்பது, தள்ளி என்ன வைப்பது என்று நிலத்தை வட்டம் வட்டமாகப் பிரிப்பார்கள். அதற்கு மண்டலம் என்று பெயர். முதல் மண்டலம், இரண்டாவது மண்டலம், இப்படி. செடியின் அடியில் சருகு, வைக்கோல் எல்லாவற்றையும் கனமாகப் போட்டு மண்ணை மூடுவதற்கு மூடாக்கு என்று பெயர். இயற்கை விவசாயம் செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வறண்ட நிலத்தில் மூடாக்கு இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீர் அரை மணியில் ஆவியாகிவிடும்.

பங்குனி பிறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மாவைச் செடிகளின் நடுவே நிறுத்தி விளக்கினேன்.

"அம்மா, இது ரெண்டாவது மண்டலம். இதுக்கு மூடாக்கு போடணும். ஒவ்வொரு செடிக்கும்."

அவர் செடிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மூடாக்கா?"

"ஆமாம்மா, மூடாக்கு."

"மண்டலம் பூராவா?"

"மண்டலம் பூரா. விட்டுடாம போடணும்."

"எந்த மரத்துது நைனா?"

"எந்த மரம்னாலும் பரவாயில்லம்மா."

"அதெப்டி, கண்டதயும் போடலாமா?" என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னார். "நம்ம ஈஸ்வரன் கோயிலாண்ட வில்வம் கீது. அத போட்டா ஆவுமா?"

கோயிலில் பெருக்கித் தள்ளும் வில்வச் சருகு மூட்டை மூட்டையாக என் கண்முன் வந்தது. "தாராளமா போடுங்க" என்றேன்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "யாருக்காக நைனா இதெல்லாம்?"

"எல்லாம் வீட்டுக்காரம்மாவுக்காகத்தான். அவங்க கொஞ்ச நாளா மனசு சரியில்லாம இருக்காங்க. இது நல்லபடியா முடிஞ்சாத்தான் அவங்களுக்கு நிம்மதி."

அவர் முகம் மாறிவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "நான் பாத்துக்கறேன் நைனா. நீ தெகிரியமா போ" என்றார். ஒரு சருகு போடும் வேலைக்கு இவ்வளவு ஈடுபாடா என்று எனக்கு ஆச்சரியம். அந்த நல்ல மனசை நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கன்றின் அடியிலும், மூன்று இலைகள் கொண்ட ஒரே ஒரு வில்வக் கொத்து. அதன்மேல் ஒரு கூழாங்கல். அவ்வளவுதான். சருகு இல்லை, வைக்கோல் இல்லை. வெறும் மண், அதில் மூன்று இலை, ஒரு கல்.

முதலில் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். யாரோ நிலத்துக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மைத்துனன்மேல்கூடச் சந்தேகம் வந்தது. நான் பகுத்தறிவோடு நிறையப் படித்தவன்தான். ஆனால் அந்த வெயிலில், அந்த அமைதியில், வரிசையாக அத்தனை கல்லைப் பார்த்தால் படித்தது எதுவும் ஞாபகம் வராது. பிறகு அந்த அம்மா ஆடுகளோடு வந்தார்.

"மூடாக்கு போடறீங்களாம்மா?" என்று பட்டும்படாமல் கேட்டேன்.

"தெனமும் போடறேன் நைனா. காத்துல பறந்துடுது. அதான் கல்லு வெக்கிறேன்."

ஆக, செய்தது இவர்தான். செய்வினைப் பயம் போயிற்று, குழப்பம் வந்தது. வறண்ட பிரதேசங்களில் கல்லையே மூடாக்காகப் போடும் வழக்கம் உண்டு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒரே ஒரு கல்லா? அதைத் தினமும் மாற்றுவார்களா? அவர் மனம் நோகாமல் சொல்லிப் பார்த்தேன்.

"இது பத்தாதும்மா. இன்னும் நிறையப் போடணும்."

அவர் திடுக்கிட்டார். "ஒரு மண்டலம் பத்தாதா?"

"எங்கம்மா பத்தும்? ரெண்டாவது மட்டும் இல்ல, மூணாவது மண்டலத்துக்கும் போட்டாத்தான் தாங்கும்."

"அவ்ளோ முடியலயா?" என்றார், கன்னத்தில் கைவைத்து.

செடிகளைக் கேட்கிறார் என்று நினைத்து, "ரொம்ப வாடித்தான் போயிருக்கு" என்றேன். அவர் மளமளவென்று உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலத்தில் விபூதி கொண்டுவந்து என் கையில் வைத்தார். "அம்மாவுக்கு வெச்சி வுடு. பத்ரமா பாத்துக்கோ." நான் அதை எல்லைப்புறத்து மரியாதை என்று எடுத்துக்கொண்டு மனைவியிடம் கொடுத்தேன். அவளும் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று இலைப் படத்தைப் போட்டு விளக்கம் கேட்டேன். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்கு இது ஒருவகை அழைப்பு என்றார் ஒருவர். பழங்குடிகளிடம் இந்த முறை உண்டு என்றார் இன்னொருவர்; எந்தப் பழங்குடி என்று கேட்டதும் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார். ஆசிரியர் மட்டும், "குறுக்கிடாதீர்கள். கவனியுங்கள்" என்று எழுதினார். நானும் குறுக்கிடாமல் கவனித்தேன். வாரம் தவறாமல் புதிய மூன்று இலை, அதே கல். செடிகளோ ஒவ்வொன்றாக இலையை உதிர்த்துக்கொண்டே வந்தன. அக்கினி நட்சத்திரம் பிறந்தபோது என் நிலத்தில் இருந்தவை பெரும்பாலும் குச்சிகள்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மைத்துனன் போன் செய்தான்.

"பாவா, பக்கத்து நெலத்துல வேல முடிச்சிகினு ஜேசிபி நிக்குது. உன் செடியெல்லாம் குச்சியா பூட்ச்சு, நேத்துதான் பாத்தேன். ஆடி வரைக்கும் எதுக்கு சும்மா காத்துகினு இருக்கணும்? மேலாக்க சமன்பண்ணி வுட்டா லாரிக்கு வழி ஆவும். அக்காவ இட்டுகினு வா."

மனைவி அடுப்பை அணைத்தாள். ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் பேசவில்லை. ஆர்.கே.பேட்டை தாண்டும்போது ஒரே ஒரு முறை, "பாதியாவது இருக்குமா?" என்று கேட்டாள். "இருக்கும்" என்றேன். எனக்குத் தெரியாது.

நாங்கள் போனபோது இயந்திரம் அணைந்து நின்றது. டிரைவர் அதன் நிழலில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். செடிகளுக்குப் போகும் முள்வேலித் திறப்பில் அந்த அம்மா ஆட்டுக்குச்சியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். வரப்பின்மேல் மைத்துனன் தலையில் கைவைத்துக் குந்தியிருந்தான். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தான். என்னைத் தாண்டிப் போய் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"இன்னாக்கா ஆச்சு உனக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா?"

"இன்னாடா ஆச்சு எனக்கு?" என்றாள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"மறைக்காத. இந்தம்மா எல்லாத்தயும் சொல்லிட்டாங்க." அவன் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. என் பக்கம் திரும்பினான். "நீயாவது சொல்லியிருக்கலாமில்ல பாவா? மண்ணாவது மயிராவது. அக்கா உயிருக்கு ஒண்ணுன்னா நான் இத கேட்டுகினு இருந்திருப்பனா?"

அந்த ஒரு நிமிடத்தை என்னால் மறக்கவே முடியாது. ஏனென்றால் நானும் நம்பிவிட்டேன். ஏதோ பெரிய வியாதி, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, வழக்கம்போல எனக்கு மட்டும் தெரியவில்லை என்று. இவள் ஏன் வழியெல்லாம் பேசாமல் வந்தாள்? போன மாதம் ஏன் அடிக்கடி சீக்கிரம் படுத்தாள்? ஹெல்மெட்டைக் கழற்றிய அவள் முகத்தைப் பார்த்தேன். காதோரம் நரை இவ்வளவு எப்போது வந்தது? கல்யாணம் ஆன நாளிலிருந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பதாக அவள் சொல்லும் நான், அன்றைக்குத்தான் நிஜமாகப் பார்த்தேன்.

"உனக்கு என்ன?" என்று நானும் கேட்டேன்.

"உங்களுக்குமா?" என்றாள் அவள்.

அதற்குள் அந்த அம்மா குச்சியைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் கன்னத்தைத் தொட்டு, நெற்றியைத் தொட்டு, தெலுங்கில் என்னவோ கேட்டார். மனைவி பதில் சொன்னாள். அவர் வேலிக்குள் கையைக் காட்டி மறுபடி என்னவோ சொன்னார். அதில் எனக்குப் புரிந்தவை இரண்டே வார்த்தைகள், என்னுடைய வார்த்தைகள்: மண்டலம், மூடாக்கு. மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"இவங்ககிட்ட நீங்க இன்னா சொன்னீங்க? அப்டியே சொல்லுங்க."

"மூடாக்கு போடச் சொன்னேன்."

"மண்டலம்னு எதாவது சொன்னீங்களா?"

"ரெண்டாவது மண்டலம்னு சொன்னேன். மண்டலம் பூரா போடச் சொன்னேன்."

"யாருக்காகன்னு கேட்டாங்களா?"

"உனக்காகன்னு..."

அவள் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நானும் மைத்துனனும் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தோம். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"தெலுங்குல மூடுன்னா மூணு. ஆக்குன்னா இலை" என்றாள். "ஒரு மண்டலம் பூரா, ஒவ்வொரு செடிக்கும் மூணு இல போடுங்க, என் பொண்டாட்டிக்கு முடியலன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. கோயில்ல வேண்டுதலுக்கு ஒரு மண்டலம் விளக்கு போடுவாங்களே, அந்த மண்டலம்னு நெனச்சிட்டாங்க. ஒண்ணு பத்தாது, ரெண்டு மூணு மண்டலம் வேணும்னு வேற சொன்னீங்களாமே."

இலையெல்லாம் உதிர்ந்த வில்வத்தில் எஞ்சிய கொத்தைத் தேடிப் பறித்துக்கொண்டு, இந்த வெயிலில் தினமும் கோயிலுக்கும் இங்கேயுமாக அந்த அம்மா நடந்திருக்கிறார். திங்கட்கிழமைகளில் சாப்பிடாமலும் இருந்திருக்கிறார், மனைவி கேட்டுச் சொன்னாள். முகம்கூடப் பார்த்திராத என் மனைவிக்காக. நானோ ஒரு ஞாயிறு வந்து, இது பத்தாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

மைத்துனனுக்குப் புரிய இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. "அப்ப அக்காவுக்கு ஒண்ணும் இல்லயா?" என்று இரண்டு தடவை கேட்டான். இல்லை என்று உறுதியானதும் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். அழுததை நாங்கள் பார்த்துவிட்டோம் என்பது அவனுக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

"சரி. ஒடம்பு நல்லா கீது, சந்தோஷம். ஆனா பேச்சு பேச்சுதான? செடி எங்க கீது? எல்லாம் குச்சி."

டிரைவர் எழுந்துவந்தார். "சார், வில்வம் வெச்சி கும்பிட்ட எடத்துல நான் பக்கெட்ட வெக்க மாட்டேன்."

"அது சாமி இல்லண்ணா" என்றாள் மனைவி. "இவருக்குத் தெலுங்கு தெரியாது, அதான்."

"இருக்கட்டும்மா. எதுக்கும் வேணாம்."

இந்த இடத்தில் மனைவி நினைத்திருந்தால் சாமி பெயரைச் சொல்லியே தம்பியை அனுப்பியிருக்கலாம். அவனும் பயந்தவன்தான். அவள் அப்படிச் செய்யவில்லை. "நீ சொல்றது சரிடா. பேச்சு பேச்சுதான். பாத்துடலாம்" என்று வேலிக்குள் நடந்தாள்.

அப்போதுதான் வகுப்பில் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ஞாபகம் வந்தது. வறட்சியில் சில மரங்கள் தண்ணீரை மிச்சம்பிடிக்க இலையை உதிர்த்துவிட்டு நிற்கும்; செத்துவிட்டதா என்று தெரிய நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். முதல் குச்சியின் முன் உட்கார்ந்து சுரண்டினேன். உள்ளேயும் காய்ந்திருந்தது. இரண்டாவது நாவல். அதுவும் காய்ந்திருந்தது. மனைவி என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது சீதா. சுரண்டினேன். தோலுக்கடியில் ஈரமாக, பச்சையாக ஒரு கோடு.

"இங்க பாரு" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நான் சொன்னது சரியாக இருந்து எனக்குப் பழக்கம் இல்லை.

அடுத்தது புங்கன், பச்சை. அதற்கடுத்த நெல்லி, பச்சை. மைத்துனன் நம்பாமல் தானே உட்கார்ந்து சுரண்டினான். காய்ந்தது கிடைக்காதா என்று ஒவ்வொன்றாகப் போனான். காய்ந்ததும் கிடைத்தது, பச்சையும் கிடைத்தது. போகப் போக அவன் எதைத் தேடுகிறான் என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. ஒரு வேம்பின் நுனியில் சின்னத் துளிர் இருந்ததை அவன்தான் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான். கடைசிச் செடிக்குப் போய்விட்டுத் திரும்பி, நகத்தை லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

"பாதிக்கு மேல கீது" என்றான். பிறகு ஜேசிபி டிரைவரிடம் போய், "நீ கெளம்புப்பா" என்றான்.

அந்த அம்மாவிடம் மனைவி தெலுங்கில் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். சருகு என்று சொன்னாள், வைக்கோல் என்று சொன்னாள், தனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "சருகுன்னு சொல்ல வேண்டியதுதான நைனா. ஆடு மேய்க்கிறவளுக்குச் சருகு தெரியாதா?"

பிறகு மனைவியிடம் தமிழிலேயே சொன்னார், நானும் கேட்க வேண்டும் என்பதற்காக இருக்கலாம். "ஆனா ஆரம்பிச்சத நடுவுல வுட முடியாதும்மா. மண்டலம் முடியட்டும். ஒடம்பு முடியாதவங்களுக்குத்தான் வேண்டிக்கணுமா? நல்லா இருக்கறவங்க நல்லா இருக்கட்டும்னு வேண்டிக்கக்கூடாதா?"

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் என்னோடு வரத் தொடங்கினாள். செடியைப் பார்க்கவா அந்த அம்மாவைப் பார்க்கவா என்று நான் கேட்டதில்லை.

ஆடி பிறந்ததும் மழை வந்தது; பச்சைக் கோடு தெரிந்த குச்சிகளெல்லாம் துளிர்த்தன. என் வாய்க்காலில் ஒரு முனையில் மட்டும் குளம்போல் நின்றது. மறுமுனை காய்ந்து கிடந்தது. ஒருநாள் மைத்துனன் ஆட்டோவில் மூட்டை மூட்டையாக எதையோ கொண்டுவந்து இறக்கினான். "தறியில வுழற கழிவு நூலு பாவா. பருத்திதான். அந்த மூடாக்குக்கு ஆவுமா பாரு." போகும்போது திரும்பி, "மொத்தமா போடலாமா, இல்ல செடிக்கு மூணு நூலா எண்ணி போடணுமா?" என்று கேட்டான். சூளைக்காரர் வேறு நிலத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு அழுத பேச்சை யாராவது எடுத்தால் மட்டும் மைத்துனன் இன்னும் எழுந்து வெளியே போய்விடுவான். அவன் தறி இன்னும் பாதி நாள்தான் ஓடுகிறது.

வகுப்பின் கடைசி நாளில் ஒவ்வொருவரும் தங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது ஒருவர் கேட்டார், அந்தக் கோடையில் என்ன மூடாக்கு போட்டுச் சமாளித்தீர்கள் என்று. நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூன்று இலை, ஒரு கல்" என்றேன். போனில் யாரோ பேனாவால் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

பொய் சொல்லவில்லை. அந்தச் செடிகள் எதனால் பிழைத்தன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தினமும் ஒவ்வொரு செடியின் முன்னும் ஒருவர் குனிந்து நின்றதாலா, அவர் கையோடு கொண்டுவந்து ஊற்றிய ஒரு செம்புத் தண்ணீராலா, அந்தச் செடிகளே அப்படிப்பட்டவையா, ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நான் உளறியதைக் கேட்டு, முன்பின் தெரியாத ஒருவர் ஒரு கோடை முழுவதும் என் மனைவி நன்றாக இருக்க வேண்டும் என்று வெயிலில் நடந்தார் என்பது மட்டும் விளங்குகிறது. இப்போதும் வீட்டில் அவள் கொஞ்சம் சீக்கிரம் படுத்துவிட்டால், நான் ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.